கொல்லைக்கு வந்த கரடு

கணவனை இழந்த பாஸிலா இத்தா இருந்த மாதங்களில், சடையன் கரடு என்ற பாறைக்குன்று எரியோட்டிலிருந்து புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் பேகம்பூருக்கு வந்து, அவள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமை மட்டும் வராது. அன்று தெருவில் தொழுகைக் கூட்டம் இருக்கும். சாலையில் இடது ஓரமாகவே வரும். சுங்கச்சாவடியில் அதை எந்த வகை வாகனத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் கையசைத்து அனுப்பிவிட்டார்கள். கொல்லையில் ஒரு முருங்கை மரமும் துவைகல்லும் இருந்தன. கரடு சுருங்கவுமில்லை, கொல்லை விரியவுமில்லை. பாறைக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போக இடமும் மிச்சமிருந்தது. மேலே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும், அவற்றை மேய்க்கிற ராமுத்தாயும் கூடவே வந்து சேர்ந்தார்கள்.

பாஸிலாவும் அவள் கணவன் நிஹாலும் கட்டடம் வரைகிறவர்கள். அதுவரை இருவரும் வரைந்தவை கடை மாடிகளும் கல்யாண மண்டப முகப்புகளும்தான். சடையன் கரட்டில் சுற்றுலாப் பயணிகள் நின்று சிறுமலையைப் பார்க்க ஒரு காட்சிக்கூடம் வேண்டும் என்று அரசு அலுவலகத்தில் கேட்டபோது, நிஹால் அதை உச்சியில் வைக்க மறுத்தான். உச்சிக்குக் கீழே, பாறையின் தோளுக்கு அடியில், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி அது படுத்திருக்க வேண்டும், ஒரு கல்லைக்கூட உடைக்கக் கூடாது, பாறைச் சரிவு எங்கே முடிகிறதோ அங்கே கூரை தொடங்க வேண்டும் என்றான். அந்தக் கூரையின் கோட்டை மட்டும் வரைந்திருந்தான். ஒட்டன்சத்திரம் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். தன் கட்டடம் என்று அவன் நினைத்தது இது ஒன்றைத்தான். பாஸிலா அதை முடிக்காமல் விடுவதில்லை என்று அவன் மையத்தை அடக்கம் செய்ய எடுத்த அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆனால் இத்தா என்றால் விதவை நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அலுவலகமோ அதற்குள் வரைபடம் வேண்டும், தளத்தைப் பார்க்காமல் வரைந்தது செல்லாது என்றது. இல்லாவிட்டால் வேலை காண்ட்ராக்டர் பழனிக்குமாருக்குப் போகும். அவனிடம் மாதிரி தயாராக இருந்தது: ஆறு மாடி உயரத்தில் பூட்டு வடிவக் கோபுரம். அதை நிறுத்தக் கரட்டின் தலையை வெடி வைத்துச் சமப்படுத்த வேண்டும்.

கரடு வந்த முதல் நாள் மாமியார் சைதூனுக்குத்தான் கவலை. பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்துக் கேட்டாள். "சடையன்னு ஆம்பளப் பேரா இருக்கு ஹஜ்ரத். இத்தாவுல இருக்கிற புள்ள முன்னால வரலாமா?" ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். "கல்லுக்குப் பர்தா இல்லம்மா. ஆட்டுக்கும் இல்ல. கரட்டு மேல ஏறி நின்னு வேடிக்க பாக்குறானுங்களே தெருப் பயலுக, அவனுங்களுக்குத்தான் இருக்கு. மொதல்ல அவனுங்கள எறக்கி விடுங்க." இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாஸிலா தினமும் பாறையில் உள்ளங்கையை வைத்து நடந்தாள். எந்த இடுக்கில் காற்று நுழைகிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, எந்தப் பாறை நண்பகலில் சுடுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். மேலிருந்து ராமுத்தாய் கேட்டாள்: "ஏ பாயம்மா, என்ன இம்புட்டுத் தடவுற? என் வீட்டுக்காரன் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட என்னைய இம்புட்டு நேரம் பாக்கல." பாஸிலா சிரித்துவிட்டாள். அடுப்படியில் அந்தச் சிரிப்பைக் கேட்ட சைதூன் குழம்புக்கு இரண்டாம் முறை உப்புப் போட்டாள். அன்று எல்லோரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள்.

அரசு அலுவலகப் பொறியாளர் சேவியர் நேரில் வந்தார். முன்னறையில் உட்கார்ந்து திரைச்சீலையைப் பார்த்துப் பேசினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க எல்லாம் முடிச்சு நிதானமா வாங்க. வேற வேல தாரோம்."

"வேற வேல வேணாம் சார்," என்றாள் பாஸிலா திரைக்குப் பின்னாலிருந்து. "தளத்தப் பாக்காம வரையக் கூடாதுன்னுதான சொல்றீங்க? தளம் கொல்லையில ஒக்காந்திருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க, நான் டீ போடச் சொல்றேன்."

சேவியர் போய்ப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஓர் ஆடு அவர் சட்டைப் பையை மோந்து பார்த்தது. திரும்பி வந்து, சர்வே எண்ணுக்குள் இருந்தால்தான் அது தளம், பேகம்பூரில் இருந்தால் அது வெறும் கரடு என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாளே பழனிக்குமாருக்கு உத்தரவு கொடுத்தார்.

பழனிக்குமார் ஆட்களோடு எரியோட்டுக்குப் போனபோது பகல். சர்வே எண்ணில் கரடு இல்லை, பளிச்சென்று சமதரை. "மலையே ஒதுங்கி எடம் குடுத்துருச்சு சார், வெடிச் செலவு மிச்சம்," என்று போனில் சொன்னான். ஊரெல்லாம் கரடு எங்கே போகிறது, எப்போது வருகிறது என்று அறிந்திருந்தும், வேலை நேரம் பகல்தானே என்று யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆயத்தமாகக் கொண்டுவந்த இரும்புச் சட்டங்களைக் கிரேன் வைத்து நிறுத்தி, பூட்டின் வளையம்வரை ஏற்றிவிட்டு, ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். பொழுது சாய்ந்தது. கரடு வழக்கம்போலத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

மறுநாள் பழனிக்குமார் பேகம்பூர் மதிலுக்கு வெளியே நின்று கத்தினான். "ஏலே, நான் கட்டுனது மேல ஒக்காந்துட்டியே!" ராமுத்தாய் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பு, அது அதோட எடத்துலதான ஒக்காந்துச்சு. ஆளு எந்திரிச்சுப் போனதும் பஸ்ஸு சீட்டுல துண்டப் போட்டவன் நீயி." மேலதிகாரிகள் கோபுரம் எங்கே என்று கேட்டார்கள். சேவியர் கரட்டைக் காட்டினார். அந்த வாரமே அவர் பாஸிலாவின் வரைபடத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். இத்தா முடிந்தது. அன்றோடு கரடு வருவது நின்றது. பாஸிலா பஸ் ஏறி எரியோட்டுக்குப் போனாள். அது எழாமல் அவளுக்காகக் காத்திருந்தது.

அடுத்த ஆண்டு முழுவதும் கட்டினார்கள். கரட்டில் உதிர்ந்து கிடந்த கற்களாலேயே சுவர் எழுந்தது. நிஹாலின் கோட்டில் கூரை இறங்கி, எங்கே பாறை, எங்கே கட்டடம் என்று தெரியாமல் ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் கட்டடத்தைக் காணோம் என்று புகார் செய்தார்கள். மஞ்சள் வண்ணம் அடித்து வளைவு வைக்கலாமே என்றார் சேவியர். "தேடி வரட்டும் சார். காலு இருக்கில்ல?" என்றாள் பாஸிலா. வண்ணம் அடிக்கப்படவில்லை.

திறந்த முதல் திங்கட்கிழமை பாஸிலா உள்ளே கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கரூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் புளிச்சோற்றைப் பிரித்தது. அப்போது கரடு எழுந்து திண்டுக்கல்லுக்குப் போய், கபர்ஸ்தான் மதிலை ஒட்டிச் சாலையோரமாக நின்றது. அந்த மதிலுக்குள் பெண்கள் போவதில்லை. நிஹாலை அடக்கிய இடத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. மேலிருந்து பார்த்தால் கபர் மண் இன்னும் மேடாக இருந்தது, தலைமாட்டில் ஒரு மருதாணிச் செடி துளிர்த்திருந்தது. நிஹாலின் கூரைக்கு அடியில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் பார்த்தாள். ஜமாத்தில் இதைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் உள்ளே வருவதில்லை என்று வழக்கம் உண்டு, வெளியே மலை நிற்கக் கூடாது என்று வழக்கம் இல்லை என்று முடித்தார்கள். பஸ்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போயின. அதிலிருந்து திங்கட்கிழமைகளில் கரடு எரியோட்டில் இருக்காது. சிறுமலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளில் வர வேண்டும்.