பதினேழாம் கேள்விக்கு ஒரு தோல்வி

காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுத்தரும் அந்த மையத்தில் அவனுக்கு 'ஃபார்ம் அண்ணன்' என்று பெயர். எந்த விண்ணப்பம் வந்தாலும் அவன் தலையில்தான் கட்டுவார்கள். இம்முறை வந்தது வெளிநாட்டு அறக்கட்டளையுடையது. அவர்கள் கைவிரித்தால் மாதக் கடைசியில் மையத்துக்குப் பூட்டு. அங்கே படிக்கும் இருபத்திரண்டு குழந்தைகளில் ஒருத்தி அவன் மகள். போன வாரம்தான் முதன்முதலாக "அப்பா" என்றாள், அதுவும் மின்விசிறியைப் பார்த்து.

பதினேழாம் கேள்வி: 'உங்கள் தோல்வியடைந்த திட்டம் ஒன்றை விவரிக்கவும்.' தோல்வியை மறைக்காதவர்களைத்தான் கூட்டாளியாகச் சேர்ப்பார்களாம். மையத்திடம் கைவசம் தோல்வி இல்லை. இருப்பதே ஒரு திட்டம், அதுவும் ஒழுங்காக நடந்து தொலைக்கிறது. ஆகவே ஃபார்ம் அண்ணன் ஒன்றைத் தயாரித்தான். சந்தைக்குப் பின்னால் கைகழுவக் குழாய் போட்டோம், யாரும் தொடவில்லை, பாழாய்க் கிடக்கிறது, பாடம் கற்றோம். எழுதியதைப் படித்தபோது அவனுக்கே கண் கலங்கியது. இயக்குநர் அக்கா வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அறக்கட்டளையிலிருந்து ஆய்வுக்கு வந்த அம்மாள் தேநீரைக்கூடத் தொடவில்லை. "வகுப்பை அப்புறம் பாக்கறேன். முதல்ல அந்தக் குழாயைக் காட்டுங்க."

அக்கா அவனை அலமாரிக்குப் பின்னால் இழுத்தாள்.

"எந்தக் குழாய்டா?"

"பதினேழாம் கேள்வில இருக்கு அக்கா."

"அது சரி. ஊர்ல எங்க இருக்கு?"

"ஊர்ல இல்ல அக்கா."

மூவரும் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சந்தைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு குழாய் நின்றது. துருப்பிடித்து, ஒருபக்கம் சாய்ந்து, சுற்றிலும் ஈ காக்கை இல்லாமல். போன உயிர் திரும்பி வந்தது.

"இதுதான் மேடம்" என்றான், துக்கமாக.

அம்மாள் திருகினாள். தண்ணீர் பீறிட்டு அவள் செருப்பை நனைத்தது. வெங்காயக்காரி ஒருத்தி வாளியோடு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. எட்டு வருஷமா ஒரு நாள் நின்னதில்ல இந்தக் குழாய். எந்த மகராசன் போட்டானோ!"

அம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"பொய் மேடம். எங்ககிட்ட தோல்வியே இல்ல, நான் என்ன பண்ண? அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க எதையும் படிக்காமதான் கையெழுத்துப் போடுவாங்க."

"இதை வேற சொல்லணுமாடா?" என்றாள் அக்கா.

அம்மாள் நோட்டில் நெடுநேரம் எழுதினாள்.

அடுத்த பத்து நாளும் தொலைபேசி மணி அடித்தாலே அவன் அதை அக்கா பக்கம் தள்ளினான். பதினோராம் நாள் கடிதம் வந்தது. அக்கா வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காகிதத்தை முழுக்கப் படித்தாள்.

'தேர்வாகிவிட்டீர்கள். நாங்கள் பார்த்த ஒன்பது இடங்களிலும் தோல்வி கற்பனைதான். ஒப்புக்கொண்டது நீங்கள் மட்டும். ஒரு நிபந்தனை: மாதந்தோறும் உண்மையான தோல்வி ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். நேரில் வந்து சரிபார்ப்போம்.'

முதல் மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது. கூரை ஒழுகவில்லை. வேன் மக்கர் பண்ணவில்லை. ஆசிரியை ஒருநாள்கூட லீவு போடவில்லை. ஃபார்ம் அண்ணன் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

மகள் ஓடி வந்தாள். அவன் முகத்தை நேராகப் பார்த்து, மணி மணியாக, "அப்பா" என்றாள்.

அவன் கண்ணீரோடு அவளை வாரி அணைத்துக்கொண்டான். மேசையில் தாள் வெள்ளையாகவே கிடந்தது. இன்னும் ரெண்டே நாள் அந்த மின்விசிறியைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?