சர்வீஸில் இருக்கிற மெஷின்

மெஷின் நின்றதும் டிரைவர் விழித்துக்கொண்டார். விழித்தார் என்பதைவிட எழுந்து நின்றார் என்பதுதான் சரி. கண் திறப்பதற்கு முன்பே கால்கள் மூலையை நோக்கி நடந்துவிட்டன. கை சிலிண்டரின் திருகைத் தேடிச் சுவரைத் தொட்டது. வாடகை சிலிண்டர் எப்போதோ கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. கட்டிலிலும் யாரும் இல்லை.

சுவிட்ச் பக்கத்தில் மச்சினி சாப்பாட்டுக் கூடையோடு நின்றிருந்தாள்.

“யாருக்கு மாமா இது ஓடுது?”

“சும்மாதான்.”

“சும்மா ஓட இது என்ன ஃபேனா? வாசல்லயே சத்தம் கேட்டுச்சு. அக்கா உள்ள இருக்கான்னே ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன்.”

“நானும் அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்” என்று சொல்லிவிட்டு, அவர் சுவிட்சை மறுபடி போட்டார். மெஷின் ஒரு முறை உறுமிவிட்டுத் தன் பழைய தாளத்துக்கு வந்தது. டக்… ஸ்ஸ்ஸ்ஸ். டக்… ஸ்ஸ்ஸ்ஸ்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்; அன்று விடுமுறை. மனைவிக்கு நுரையீரல் சுருங்கிப்போய், கடைசிக் காலம் முழுக்க இந்த ஆக்சிஜன் மெஷினோடுதான் அவள் மூச்சு கட்டிப் போடப்பட்டிருந்தது. காலையும் சாயங்காலமும் பஸ், மற்ற நேரமெல்லாம் அவள். அவள் போய்விட்டாள். களைப்பு மட்டும் போகவில்லை. அது எலும்புக்குள் குடிபுகுந்துவிட்டது.

தூக்கம் ஏன் வரவில்லை என்பதை அவரே யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நமக்கெல்லாம் சத்தம் கேட்டால் விழிப்பு வரும். அவருக்கு நேர்மாறு. மெஷின் ஓடுகிறதென்றால் அவள் மூச்சு விடுகிறாள், கண்ணை மூடலாம். சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது, ஓடிப்போய் சிலிண்டரைத் திறக்க வேண்டும். காது அப்படிப் பழகிவிட்டது. இப்போது வீடு நிசப்தமாக இருந்தால் போதும், உடம்பு துள்ளி எழுந்துவிடும். எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஃபேனை வேகமாக வைத்துப் பார்த்தார். ரேடியோ வைத்துப் பார்த்தார். மெஷின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து ஓடவிட்டும் பார்த்தார். பதிவு முடிந்து திரும்பத் தொடங்கும்போது ஒரு சின்ன இடைவெளி வரும். காது அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தது. அப்படி விழித்திருந்த ஒரு வாரத்தில்தான் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியவர் கண் அசந்துவிட்டார். பின்னாலிருந்து பிள்ளைகள், “டிரைவர் அங்கிள், பச்சை! பச்சை!” என்று கத்தின. கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் கடைசிப் பிள்ளையை இறக்கிவிடும்வரை பஸ்ஸை இரண்டாவது கியருக்கு மேல் ஏற்றவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டுவிட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த மெஷின் அவருடையதல்ல. வாங்கியது அவர்தான். ஆனால் வீட்டு ஜெபக்கூட்டத்தில், சபையார் எல்லாரும் இந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, மனைவி மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: “எனக்கு வேலை முடிஞ்சதும்… இது கர்த்தருக்கு. அவர் குடுத்தது… அவர்கிட்டயே போகட்டும்.” யாருக்கு மூச்சுத் திணறினாலும் சபை எடுத்துக் கொடுக்கட்டும் என்று அர்த்தம். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் டிரைவர்தான்.

மச்சினி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. போதகர். நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். நம்ம சபையில் ரிட்டயர் ஆன தபால்காரர் இருக்கிறாரே, அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். வீட்டில் ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்தால்தான் விடுவார்களாம்.

“அந்த மெஷின் எப்படி இருக்குங்க?”

“அது… சர்வீஸ்ல இருக்குங்கய்யா.”

டக்… ஸ்ஸ்ஸ்ஸ் என்றது அறையிலிருந்து. அந்தச் சத்தம் போனிலும் கேட்டிருக்கும். போதகர் அந்த அறையில் எத்தனையோ முறை உட்கார்ந்து ஜெபித்தவர்.

“சரிங்க. சர்வீஸ் முடிஞ்சதும் சொல்லுங்க” என்றார் மெதுவாக. “உங்களுக்காகவும் ஜெபம் பண்றேன்.”

மச்சினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மாமா, பைபிள்ல காணிக்கைல பாதிய ஒளிச்சு வெச்சுட்டு பொய் சொன்ன புருஷன் பொண்டாட்டி கதை ஞாபகம் இருக்கா? அந்தப் புருஷன் சொல்லி முடிச்சதும் விழுந்து செத்தார். பின்னாலேயே அந்தம்மாவும். இப்ப பக்கத்துல நான் வேற நிக்கறேன். எனக்குச் சின்ன பிள்ளைங்க இருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நடுவிலேயே உடைந்தது.

“நான் பாதியெல்லாம் ஒளிக்கல. முழுசாத்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“வேற யார்கிட்டயாவது கேட்டு ஏற்பாடு பண்ணுங்கன்னு போதகர்கிட்ட சொல்லலாம் மாமா. நீங்களும் மனுஷன்தானே? தூங்காம பஸ் ஓட்டி ஏதாவது ஆனா?”

அவர் தட்டை இழுத்து வைத்துச் சோற்றைப் பிசைந்தார். ஆஸ்பத்திரி என்ற சொல் ஒரு பழைய காட்சியைக் கிளப்பிவிட்டிருந்தது. இந்த மெஷின் வீட்டுக்கு வந்த அன்று, அதைக் கொண்டுவருகிற வண்டி எங்கோ மாட்டிக்கொண்டது. அது வந்து சேரும்வரை வார்டில் அவளை விடவில்லை. அவள் காலையிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். படு என்றால் படுக்க மாட்டாள். சாயங்காலம் அவர் போனபோதும் அதே செருப்போடு, அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தபால்காரரும் இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஞாயிறு காணிக்கைப் பை வரும்போது அவள் கொடுக்கும் விதமே தனி. விட மனசில்லாமல் கையில் ஒட்டிக்கொள்கிற பொருளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பாள். “ஒட்டாததை யார் வேணாலும் உதறிடுவாங்க. அது காணிக்கையா?”

பாதிச் சோற்றில் கை கழுவினார். அறைக்குள் போய் சுவிட்சை அணைத்தார். உடம்பு வழக்கம்போல் துள்ளியது. அதைத் துள்ளவிட்டு நின்றார்.

“ஆண்டவரே, இந்தாங்க” என்றார். “எடுத்துக்குங்க. ஆனா தூக்கத்தை மட்டும்…” என்று ஆரம்பித்து, பேரம் பேசுகிறோமே என்று தோன்றியதால் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் ஜெபிக்கவும் தெம்பில்லை. போதகருக்குப் போன் போட்டு, “சர்வீஸ் முடிஞ்சுதுங்கய்யா” என்றார். “ஸ்தோத்திரம்” என்றார் அவர். வேறு எதுவும் கேட்கவில்லை.

மெஷினின் பின்பக்கத்து ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலசிப் பிழிந்தார். ஈரத்தோடு மாட்டக் கூடாது. காய்ந்ததாக இன்னொன்று வைத்திருந்தார், அதை மாட்டிவிட்டு, ஈரமானதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மெஷினை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

“கல்யாணத்துக்கு முன்னால அக்கா இவ்ளோ கனம் இல்ல” என்றாள் மச்சினி. கேலி செய்யத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

தபால்காரர் வீடு மாடியில், ஒற்றை அறையும் சமையல்கட்டும். அவர் மனைவி கட்டிலுக்குப் புதிதாக விரிப்புப் போட்டு வைத்திருந்தார். அடுப்பு பக்கத்தில் வைக்கக் கூடாது, சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது, சுற்றிலும் காற்றுப் போக இடம் வேண்டும் என்று சொல்லி, டிரைவர் அதற்கு ஓர் இடம் பிடித்து, சுவிட்சைப் போட்டார்.

“இதுக்குள்ள ஆக்சிஜன் எங்க ரொப்பணும் தம்பி?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ரொப்பவே வேண்டாம்மா. இது எதையும் உண்டாக்கறதில்ல. இந்த ரூம் காத்தத்தான் இழுக்குது. அதுல அஞ்சுல ஒரு பங்குதான் நமக்கு வேணுங்கறது. உள்ள ரெண்டு குழாய் இருக்கு, குழாய் நிறைய கடுகு கடுகா மணி. காத்த அழுத்தித் தள்ளினா, வேண்டாததை அந்த மணி பிடிச்சு வெச்சுக்கும். நல்லது மட்டும் தாண்டி வரும்.”

“பிடிச்சு வெச்சது நெறஞ்சு போகாதா?”

“போகும். அதான் ஒண்ணு பிடிக்கும்போது இன்னொண்ணு விட்டுடும். பிடிச்சதை ரூமுக்கே திருப்பிக் குடுத்துடும். குடுக்காம வெச்சுக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல ரெண்டும் அடைச்சுக்கும், அப்புறம் மெஷின் இருந்தும் வேஸ்ட். இப்ப கேளுங்க… டக்னு இந்தப் பக்கம் மாறுது. ஸ்ஸ்ஸ்னு வருதே, அது திருப்பிக் குடுக்கற சத்தம்.”

இத்தனை நாளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் தூங்கியிருக்கிறார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஆஸ்பத்திரி வண்டி வந்தது. தபால்காரரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். காலில் செருப்பு இருந்தது. டிரைவர் குனிந்து அதைக் கழற்றினார். மூக்கில் குழாயை மாட்டி, காதுக்குப் பின்னால் உறுத்தாதபடி பஞ்சு வைத்து, மெஷினில் மாட்டிய பாட்டிலில் தண்ணீர் குமிழியிடுகிறதா என்று பார்த்தார். தபால்காரரின் நீலம் பூத்த உதடு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது.

“கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டுப் போறேன்” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்தத் தண்ணி இருக்கே, கொதிக்க வெச்சு ஆற வெச்சதாத்தான் ஊத்தணும். ஃபில்டரை வாரத்துக்கு ஒரு தடவை…”

வாக்கியம் முடியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

மச்சினி பதறி, “மாமா, அடுத்தவங்க வீடு” என்று தோளைத் தட்டப் போனாள். கட்டிலிலிருந்து தபால்காரர் ஒரு விரலைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினார்.

“ரொம்பக் களைப்போ?” என்று அவர் மனைவி ரகசியக் குரலில் கேட்டார்.

“அக்கா படுத்ததுலேர்ந்து சேத்து வெச்ச களைப்பும்மா.”

அந்த அம்மா ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். “வாரத்துக்கு ஒரு தடவையா ஃபில்டரு? எனக்கு அதெல்லாம் கழட்டத் தெரியாது. காலைல பஸ் விட்டுட்டு சாயங்காலம்வரைக்கும் சும்மாதானே இருப்பாரு, தினம் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு.”

இன்று ராத்திரிக்கு என்ன செய்வார் என்று மச்சினிக்குத் தெரியவில்லை. கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. அவர் சட்டைப் பையிலிருந்து ஈரம் இறங்கி நெஞ்சில் பெரிதாகப் படர்ந்திருந்தது. அவள் இரண்டு விரலால் ஃபில்டரை மெல்ல உருவி, ஜன்னல் கம்பியில் நிழல் பார்த்துக் காயப் போட்டாள்.