ஸ்பின்னர் சந்து, பதினான்காம் எண்

"அந்த ஆளு இன்னைக்கும் வீட்ல இல்லையாம்" என்று டீக்கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. எங்கள் அலுவலகத்தைப் பற்றித்தான் பேச்சு.

பெரம்பூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், 1881-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குடிமதிப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் உள்ளவர்கள் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பும்வரை அவர்களுடைய வரி காலியாக இருக்கும். பிரபுக்களைத் தேடி வருபவர்களுக்குச் சிரமமில்லை. அவர்கள் எந்நேரமும் வீட்டில்தான்.

ஐரிஸ் பார்ட்ரிஜ் அன்று பதினோராவது முறையாக வந்திருந்தார். ரயில்வேயில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கொள்ளுத்தாத்தா வில்ஃப்ரெட் பிறந்த ஊரைத் தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் தம்பி டெரிக்கின் கடைசி ஆசை. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். கல் செதுக்குபவர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்.

ஸ்பின்னர் சந்து, பதினான்காம் எண் வீட்டின் பக்கத்தைத் திறந்தேன். மனைவி ஹன்னா இருந்தார். கைக்குழந்தை இருந்தது. குடும்பத் தலைவர் வில்ஃப்ரெட்டின் வரி காலி.

"மத்தியானம் சாப்பிடவாவது வருவானா?"

"ஆலையிலேயே சாப்பிடுறார் ஆன்ட்டி."

"ஞாயித்துக்கிழமை?"

"நமக்கும் லீவு."

கண்காணிப்பாளர் தணிகாசலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆலை ஆறு மணிக்கு விடுது மேடம். ஆபீஸ் அஞ்சுக்கு மூடுது. அவரை லீவு போடச் சொல்லுங்க."

"லீவு போட்டா வேலை போயிடும். உன்னை மாதிரி கவர்மென்ட் வேலையா மேன் அவனுக்கு?"

ஆறு மணிவரை நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சாவி தணிகாசலத்திடம் இருந்தது.

ஐரிஸ் என் பேனாவை வாங்கினார். கைக்குழந்தைக்குக் கீழே எழுதினார்: ஐரிஸ், 63, மணமாகாதவர், வாடகைக்குத் தங்கியிருப்பவர். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டுவிட்டுப் பக்கத்துக்குள்ளே போனார்.

"பென்சில்ல எழுதியிருக்கணும்" என்றார் தணிகாசலம். ஐந்து மணிக்குப் பூட்டினார்.

மறுநாள் பத்து மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன். தலைவரின் வரி காலி. ஐரிஸின் வரியும் காலி. ஓரத்தில் அவர் கையெழுத்து: "பிறந்த ஊர் வேக்ஃபீல்டு. எனக்கும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மணிக்கு வருவேன்."

கல் செதுக்குபவருக்கு போன் செய்து ஊரைச் சொன்னேன். பிறகு மேசைக்கடியிலிருந்த செருப்பை எடுத்து, பதினான்காம் எண் வாசலில் ஜோடியாக வைத்து, பதிவேட்டை மூடினேன்.