மூக்கா, வாலா

“அழுத்தாத புள்ள, தடவு! அது என்னா என்னோட காக்கிக் களிசானா?”

கட்டிலிலிருந்து கணபதி கத்தினார். கத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வந்தது முக்கால்வாசி காற்றுதான்.

விஜயலெட்சுமி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். மேசையில் கிடந்தது விமானத்தின் வால். பால்சாக் கட்டையால் செய்த எலும்புக்கூடு. அதன்மேல் சிவப்புப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் சூட்டில் ஒட்டவேண்டும். அந்தக் கட்டையைத் தராசில் வைத்தால் தராசுக்கே சந்தேகம் வரும், அவ்வளவு லேசு. முப்பத்தெட்டு வருஷம் அவர் சட்டையையும் களிசானையும் தேய்த்த கைக்கு அந்த லேசு பிடிபடவில்லை. சூடு கூடினால் தாள் ஓட்டையாகிவிடும். இதுவரை ஐந்து ஓட்டை. அவருக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஒவ்வொன்றின்மேலும் ஓர் ஒட்டுப் போட்டு, ஒட்டு பெயராதிருக்கப் பசையும் அப்பியிருந்தாள். சொல்லவில்லை.

தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் கணபதி. விறகு போடும் சாய்ப்பை ஒர்க்‌ஷாப்பாக்கி, ரிமோட்டில் பறக்கும் அந்த விமானத்தை இரண்டு வருஷமாகக் கட்டினார். அங்கே சிந்திய பசையில் பதுளை ஸ்டேஷனையே மலையோடு ஒட்டியிருக்கலாம். நெஞ்சு கெட்டுப் படுத்ததும் கட்டிலையும் சாய்ப்புக்கே தூக்கிவரச் சொன்னார். வால் மட்டும்தான் பாக்கி. அவர் கை நடுங்கியது. ஆகவே அவள் கை.

மகன் ரஜீவ் உள்ளே எட்டிப் பார்த்தான். “அப்பா, த்ரீவீல் வந்து நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து மிச்சத்தப் பாக்கலாம்.”

“பேலன்ஸ் பாக்காம எமன் வந்தாலும் வரமாட்டேன். நீ என்னா பெரிய ஆளு.”

வாலைப் பொருத்தி விமானத்தை எடுத்தாள். இரண்டு இறக்கைக்கும் அடியில் பென்சில் புள்ளி வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு விரல் நுனியை மட்டும் கொடுத்துத் தூக்கவேண்டும்.

“மூக்கு கொஞ்சம் சாஞ்சா பரவால்ல. வாலு சாஞ்சா முடிஞ்சிச்சு. ஏறும், நிக்கும், தலகுப்புற வந்து விழும். தூக்கு பாப்போம்.”

மூக்கை அவர் பக்கம் வைத்துத் தூக்கினாள். வால் சட்டென்று இறங்கியது.

ஐந்து ஒட்டின் கனம். அவர் உதட்டைப் பார்த்தாள், நீலம் பாய்ந்திருந்தது. வெளியே த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. அவள் அரை அடி முன்னால் நகர்ந்தாள். இறங்கிய வால் அவள் வயிற்றில், சேலைக் கொசுவத்தின்மேல் உட்கார்ந்தது.

“மூக்கா, வாலா?”

“நேரா நிக்குதுங்க.”

“மெய்யாவா?”

“ஆமாங்க.”

அவர் சிரித்தார். பல் செட் இல்லாத முழுச் சிரிப்பு. “அப்போ பறக்கும்,” என்று சொல்லி, மகனிடம் இரண்டு கையையும் நீட்டினார்.

டவுனுக்கு இன்னும் நாலு வளைவு இருந்தபோது, அவள் தோளில் சாய்ந்திருந்த அவர் தலை கனத்தது.

மறுநாள் அவரைக் கிடத்திய பெட்டியை வாசலை ஒட்டிய முன் இஸ்தோப்பில் வைத்திருந்தார்கள். பதுளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த றில்வான், மோட்டாரும் ரிமோட்டும் தேடிக் கொடுத்தவன், பேட்டரியைச் சார்ஜ் பண்ணி எடுத்து வந்திருந்தான். “பெட்டியத் தூக்குறதுக்கு முன்ன அப்பாவோட பிளேன் கிரவுண்டுல பறக்கும்,” என்று ரஜீவ் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்குச் செய்தி போவதற்குள் ஒரு பிளேன் இரண்டானது; பேக்டரியைத் தாண்டியபோது மூன்று. ஸ்பிரிங்வெளித் தோட்டமே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தது.

“மனுசன் கீழ போறாரு, அவரு பிளேனு மேல போவுது,” என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா. “ஆளு ஏறலாமாடி விஜி?”

விஜயலெட்சுமி பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வால் சாய்வதைச் சொன்னால், அவர் சிரித்துக்கொண்டு கொண்டுபோனது பொய் என்றாகும். சொல்லாவிட்டால், அவர் பெட்டிக்கு முன்னாலேயே அது தலைகுப்புற விழும்.

றில்வான் பென்சில் புள்ளிகளில் விரல் கொடுத்துத் தூக்கினான். வால் இறங்கியது. இன்னொரு தரம் தூக்கினான். இறங்கியது. விமானத்தை மடியில் வைத்து வாலைத் தடவினான். விரல் ஓர் இடத்தில் நின்றது, அடுத்த இடத்தில், ஐந்து இடத்தில்.

“அண்ணே பேலன்ஸ் பாத்தாரா அக்கா?”

“பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

அவள் பெட்டியின் கால்மாட்டைப் பார்த்தாள். “பறக்கும்னாரு தம்பி.”

றில்வான் வானத்தை அண்ணாந்து பார்த்தான். ஒரு கொழுந்துகூட அசையவில்லை. ஊதுபத்திப் புகை கம்பம் நட்டதுபோல் நேராக ஏறிக்கொண்டிருந்தது.

“காத்து சரியில்ல ரஜீவ். இன்னைக்கு வேணாம்.”

“காத்தா? எங்கண்ணே காத்து?”

“மேல அடிக்குது. ஒனக்குத் தெரியாது.”

விமானத்தைச் சாய்ப்பில் கொண்டுபோய் அவனே வைத்துவிட்டு வந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை. தப்பு மேளம் அதிர்ந்தது. ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். பெண்கள் முச்சந்திவரை போய், அழுது, திரும்பினார்கள். கருப்பம்மா வாளியும் விளக்குமாறுமாக வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள்.

விஜயலெட்சுமி சாய்ப்புக்குள் போனாள். இஸ்திரிப்பெட்டி மேசையிலேயே இருந்தது. விமானத்தை எடுத்து, புள்ளிகளைத் தடவிக் கண்டுபிடித்து, விரல் நுனிகளில் தூக்கினாள். வால் வந்து வயிற்றில் உட்கார்ந்தது. மூக்கு கட்டிலைப் பார்த்தது. தலையணையில் குழி அப்படியே இருந்தது.

தப்புச் சத்தம் மலையின் கடைசி வளைவைத் தாண்டும்வரை அவள் அதை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.