மிச்சம் பிடித்த பேச்சு

அவர் பேருந்து நடத்துனராக இருந்தவரை பணிமனையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வெண்கலம்' என்றுதான் சொல்வார்கள். பின்படியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் தூங்குகிற பயணிகள் எல்லாரும் எழுந்து உட்காருவார்கள். அந்தக் குரலைத்தான் தொண்டைப் புற்றுநோய் கொண்டுபோனது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டார்ச் லைட் போல ஒரு கருவி கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால், தகர டப்பாவுக்குள் வண்டு பேசுவதுபோல் வார்த்தைகள் வரும். அவர் முதன்முதலாக அதில் பேசியதைக் கேட்டு மனைவி சிரித்துவிட்டாள். அடுத்த நிமிடமே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசவில்லை. அவள் துணி ஆலையிலிருந்து திரும்பி ஏதாவது கேட்டால் தலையாட்டுவார், கை காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிட்டால் மட்டும் கருவி வெளியே வரும். கழுத்து சிவக்கும் வரை பேசுவார். முடிந்ததும் அதை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார்.

"பொண்ணுன்னா பேச்சு கொட்டுது. என்கிட்டன்னா வாய்க்குப் பூட்டா?" என்று ஒருநாள் வெடித்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கையை விரித்தார். அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். இரண்டு பேர் இருந்த வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

ஒரு மாலை அவள் உள்ளே நுழையும்போதே கருகல் வாடை அடித்தது. கருவியோடு வந்த சார்ஜர் எங்கோ தொலைந்துபோக, அவர் கைக்குக் கிடைத்த வேறொரு சார்ஜரில் பேட்டரியைப் போட்டு, மெத்தைமேல் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் படுத்திருந்தார். விரிப்பு பழுப்பேறிப் புகைந்துகொண்டிருந்தது. அவள் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். தடிமனான துண்டால் பேட்டரியை எடுத்து வாசல் சிமெண்டுத் தரையில் வைத்தாள். அது வயிறு உப்பிக் கிடந்தது.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பதறிப்போனாள்.

"நல்லவேளை, வீடு தப்பிச்சுது! இதுக்குன்னு குடுத்த சார்ஜர்லதான் போடணும். மெத்தை, தலையணை, துணி எது மேலயும் வைக்காதீங்க, சூடு வெளியே போகாது. வெறும் தரையில, கண் முன்னால வைங்க. நிறைஞ்சதும் எடுத்துடுங்க. உப்பினதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. குப்பையிலயும் போடாதீங்க, இங்கயே குடுத்துடுங்க."

புது பேட்டரி போட்டதும் அவர் கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"சுத்தமா தீர்ந்த பிறகுதானே சார்ஜ் போடணும்? அடிக்கடி போட்டா பேட்டரி செத்துடும்ல? அதான் வாரம் பூரா மிச்சம் பிடிக்கிறேன்."

"அது அந்தக் காலத்து பேட்டரிக்குச் சொன்னதுங்க. இதைச் சுத்தமா தீர விடறதுதான் கெடுதல். பாதி இருக்கும்போதே போடலாம். தினமும் போடலாம்."

"அப்போ தினமும் பேசலாமா?"

மனைவி அவரையே பார்த்தாள். திரும்பி வரும்போது பேருந்தில் மெதுவாகக் கேட்டாள்.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சார்ஜ் போயிடுமே."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு இறங்கும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அதன்பிறகு அவர் ஓயவில்லை. காய்கறி விலைக்குத் திட்டினார், அவள் அலமாரியை அடுக்கும் லட்சணத்தைக் குறை சொன்னார். ஒருநாள் நடந்த சண்டையில் பாதியில் பேட்டரி தீர்ந்துபோக, அவளே போய் மாற்று பேட்டரியைக் கொண்டுவந்து, "ம், மீதியையும் சொல்லுங்க" என்றாள்.

குளிர் தொடங்கியபோது நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது. கடைசி நாட்களில் அவரால் கருவியைத் தூக்க முடியவில்லை. கழுத்தில் எந்த இடத்தில் வைத்தால் சொல் தெளிவாக வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

அவர் போன பிறகே மகளால் வந்துசேர முடிந்தது. எல்லாம் முடிந்து வீடு காலியானதும் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"

ஏதாவது நல்லதாகச் சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"ஃபேனைக் கொஞ்சம் குறைன்னாரு."

"அவ்வளவுதானா?"

"குறைச்சேன். போதும்னாரு."