சவுக்குத் தோப்பில் ஒளிந்த கேமரா

வேகத்தைப் பிடிக்கிற போலீஸ் கேமராவைச் செங்கல்வராயன் அளவுக்குத் திட்டியவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறொருவன் இருந்திருக்க மாட்டான். கோவளத்தில் மீன் ஏற்றிச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்குகிற வேன் டிரைவர் அவன். ஐஸ் கரைந்தால் வியாபாரி முகத்தைச் சுளிப்பான். கரையுமுன் சேர மிதித்தால் போலீஸ் கையைக் காட்டும். இரண்டு முறை மாட்டிவிட்டான். இன்னொரு முறை மாட்டினால் லைசென்ஸ் போய்விடும், சாவியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி தேவசகாயம் சொல்லிவிட்டார்.

அந்தக் கேமராவைக் கேட்டு வாங்கியதே அவன் ஊர்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல். கோவளத்துக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரின் பஸ் ஸ்டாப்பில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கார் அடித்துப் போட்டபோது ஊரே சாலை மறியலில் உட்கார்ந்தது. முன்வரிசையில் அவன் மனைவி வேண்டா. எதிர்ப்பக்கத்து ரிசார்ட்டில் பெருக்கித் துடைக்கிறவள், தினமும் சாலையைக் கடந்தாக வேண்டும். போலீஸ் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கும் என்று அதிகாரி வாக்குக் கொடுத்தார். சில நாள் நின்றது. தூரத்திலேயே பார்த்துவிட்டு எல்லோரும் மெதுவாகப் போனார்கள், கேஸ் விழவில்லை. கேஸ் விழாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? ஊருக்கு வடக்கே சவுக்குத் தோப்புக்குள் ஜீப்பை ஒளித்துவைத்துக் கேமராவை நீட்டினார்கள்.

டிரைவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? தோப்பைத் தாண்டியவன் எதிரே வருகிறவனுக்கு ஹெட்லைட்டை இரண்டு தரம் போட்டுக் காட்டுவான். முன்பின் தெரியாதவனுக்கும் செய்கிற உபகாரம் அது. செங்கல்வராயன் ஒரு வண்டியையும் விட்டதில்லை.

"நாங்க வெயில்ல குந்தி போலீசக் கொண்டாந்தா, நீ லைட்டு போட்டு தப்ப வுட்டுகினு கீறியே" என்பாள் வேண்டா. "அங்க பம்முறவன் இங்க வந்துதான் பறக்கிறான்யா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? அவன இங்க வந்து நிக்கச் சொல்லு" என்பான் அவன். அவள் சொன்னதில் நியாயம் இருப்பது தெரியும். ஆனாலும் தோப்பைப் பார்த்தால் எரிந்துகொண்டு வரும், கை தானாக விளக்குக்குப் போகும்.

அந்தச் சனிக்கிழமை காலை செங்கல்பட்டில் இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பிக்கொண்டிருந்தான். தன் ஊரைக் கடந்தான், தோப்பைக் கடந்தான். எதிரே மகாபலிபுரத்தை நோக்கி ஒரு வெள்ளைக் கார் சீறிக்கொண்டு வந்தது. வழக்கம்போல விளக்கைப் போட்டான். கார் அடங்கியது. ஓட்டிவந்த பையன் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஒருத்தனைக் காப்பாற்றிய சந்தோஷம் செங்கல்வராயனுக்கு.

கோவளத்தில் வேனை நிறுத்துவதற்குள் தேவசகாயம் ஓடிவந்தார். "செங்கலு, வண்டியத் திருப்பு. உங்க ஊரு ஸ்டாப்புல வேண்டாவ காரு அடிச்சிட்ச்சாம். போன் வந்துகீது."

போகிற வழியில் தோப்பு காலியாக இருந்தது. போலீஸ் முழுவதும் பஸ் ஸ்டாப்பில் நின்றது. சாலையோரம் யாரோ ஒரு சேலையால் வேண்டாவை முகத்தோடு சேர்த்து மூடியிருந்தார்கள். பக்கத்தில் அந்த வெள்ளைக் கார்.

"கேமராவுல நாப்பத்தெட்டுதான் காட்டிச்சு. அந்தம்மாதான் குறுக்க ஓடியிருக்கு" என்று சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரை ஓட்டிவந்த பையன் ஷ்யாம் போலீஸ் நடுவே நின்றிருந்தான். செங்கல்வராயனைக் கண்டதும் அவன் முகத்தில் உயிர் வந்தது. "சார், இந்த அண்ணன்தான் லைட் போட்டுக் காட்டினார். அதனாலதான் ஸ்லோ பண்ணேன். இவரையே கேளுங்க சார்."

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீ பாத்தியா? மெதுவாத்தான் வந்தாரா?"

"அங்க மெதுவாத்தான் வந்தாரு சார். இங்க வந்து..."

"இங்க நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"பாத்தத மட்டும் சொல்லு. அது போதும்." அவர் எழுத ஆரம்பித்தார். "சாட்சி, வேன் டிரைவர். பேரு?"

"செங்கல்வராயன்."

"எறந்துபோன இந்தம்மா உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"எம் பொஞ்சாதி சார்" என்றான்.