ஏழாம் நம்பர் முட்டி

அளவு டேப் இல்லாமல் அவளை ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. அதனால் அளவுக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கார் கம்பெனியில் அவளுக்கு வேலை, மனுஷர்கள் காருக்குள் எப்படி ஏறுகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள், எங்கே இடித்துக்கொள்கிறார்கள் என்று அளப்பது. பதினாறு வருஷமாக அளக்கிறாள். அவளுடைய நாத்தனாருக்கும் அதே வேலைதான், ஆனால் போட்டிக் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது கார் பேச்சே எடுக்கக் கூடாது என்று அளவுக்காரியின் புருஷன் உத்தரவு போட்டிருந்தான். பாவம், ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி, அவன்தான் என்ன செய்வான்?

இப்படி இருக்கையில் இரண்டு கம்பெனிகளும் திடீரென்று கைகோர்த்துக்கொண்டன. குட்டிக் காரில் லாபம் கம்மி, ஆளுக்கொரு அடிச்சட்டம் செய்ய யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. தரை, சக்கரம், எஞ்சின் உட்காரும் இடம், சீட்டைப் பூட்டும் சட்டம் எல்லாம் பொது. மேலே வரும் உடல்கூடும் முகப்பும் மட்டும் அவரவர் இஷ்டம். நேற்றுவரை எலியும் பூனையுமாக இருந்தவர்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு தகராறு மட்டும் தீரவில்லை. சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அளவுக்காரியின் கம்பெனி ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்றது, நாத்தனாரின் கம்பெனி ஐம்பத்துமூன்று என்றது. சீட்டு தாழ்ந்தால் கூரையும் தாழும், கார் எடுப்பாக இருக்கும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம். உயர்ந்தால் வயசானவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகாமல் ஏறி இறங்கலாம். இன்றைக்குக் கையெழுத்து விழுந்தால் எட்டு வருஷத்துக்கு அந்த அளவை எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது.

அளவுக்காரிக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனாரோடு அவள் பேசி மூன்று வாரம் ஆகிறது. பதினாலாம் தேதி, வியாழக்கிழமை, அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது மாமனார், ஆபரேஷன் ஆன வலது முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார். முட்டி பந்து மாதிரி வீங்கிக் கிடந்தது. கேட்டதற்கு, "படியில கால் மடங்கிடுச்சும்மா, ஒண்ணுமில்ல" என்றார். சேதி தெரிந்ததும் நாத்தனார் போனில் பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி!

"பத்துப் படி இறங்கக்கூடத் துணைக்கு ஆள் இல்லையா அண்ணி? எங்கப்பா உங்களுக்கு அவ்வளவு பாரமாப் போயிட்டாரா?"

ஒன்பது வருஷமாக அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அளவுக்காரி. அந்த ஒரு வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. போனை வைத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மாமனாருக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

கூட்டத்தில் முதலில் அவளைத்தான் பேசச் சொன்னார்கள். சோதனை இரண்டு கம்பெனிக்கும் ஒரே மாதிரிதான். ஒட்டுப்பலகையில் கார் மாதிரி ஒன்று செய்து, பத்து வகை ஆட்களை ஏற்றி இறக்கி, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பது. கர்ப்பிணி, ஆறடிக்காரர், பருமனானவர் என்று பட்டியல் நீளும். ஏழாம் நம்பர், எழுபது வயசு தாண்டி முட்டி ஆபரேஷன் ஆனவர். ஊழியர்களின் சொந்தக்காரர் யாரும் கூடவே கூடாது.

"எங்க ஏழாம் நம்பர் பத்துக்குப் பத்து போட்டார்" என்றாள் அளவுக்காரி. "'ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்'னு எழுதியிருக்கார்."

சொல்லிவிட்டு அவள் சட்டென்று அடுத்த தாளைப் புரட்டினாள். அவளுடைய சோதனை நடந்த அன்று, முட்டி வீங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, வரவேண்டிய ஏழாம் நம்பர் வரவில்லை. மற்ற ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு மாமனாரை வரவழைத்தவள் அவள்தான். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க மாமா" என்று சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

அடுத்து நாத்தனார் எழுந்தாள். "எங்க ஏழாம் நம்பருக்கு எழுபத்திரண்டு வயசு, வலது முட்டியில ஆபரேஷன், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். அவரும் பத்துக்குப் பத்து. 'ராஜா மாதிரி…'" என்று படித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மேஜைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். அளவுக்காரியும் பேயறைந்தவள் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கம்பெனிக்கும் பொதுவாகப் போட்டிருந்த கூட்டுத் தலைவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. "முட்டி வலிக்காரருக்கே ஐம்பத்துமூணு சுகமா இருக்குன்னா அப்புறம் என்ன பேச்சு? தாழ்வாவே வெச்சுக்குவோம். டீ குடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போட்டுடலாம்" என்று எழுந்துவிட்டார்.

டீ மெஷினுக்குப் பக்கத்தில் நாத்தனார் அவளை மடக்கினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அண்ணி, உங்க ஏழாம் நம்பர்…"

"உங்கப்பாதான். உன்னோடது?"

"எங்கப்பாதான்! எனக்கும் கடைசி நேரத்துல ஆள் கிடைக்கல. என்கிட்ட அவர் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னியா?"

"ஆமா."

"நானும் சொன்னேன். மனுஷன் ரெண்டு பேருக்கும் வாக்கைக் காப்பாத்தியிருக்கார்."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நாத்தனார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வெளியே தெரிஞ்சா நம்ம ரெண்டு பேர் வேலையும் அம்பேல். எனக்கு அடுத்த மாசம் புரமோஷன் அண்ணி. பேசாம இருந்துடுவோமே."

அளவுக்காரிக்கும் ஆசை இல்லாமலில்லை. பதினாறு வருஷத்துப் பேர் ஒரு நிமிஷத்தில் கெட்டுவிடும். ஆனால் ஐம்பத்துமூன்று சென்டிமீட்டரில் உட்கார்ந்து எழுந்திருக்கப்போகும் முட்டிகளை அவளால் மறக்க முடியவில்லை. "நிஜமாவே அவருக்கு வலிக்கலையா? என்னைக்கு வந்தார் உன்கிட்ட?" என்று கேட்டாள்.

நாத்தனார் கையிலிருந்த தாளைப் புரட்டினாள். "வியாழக்கிழமை. பதினாலாம் தேதி. டாக்சி வெச்சுத்தான்…"

அப்பாவின் முட்டி வீங்கிய அதே நாள். தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அளவுக்காரிக்குத் திருப்பிக் கேட்க ஆயிரம் இருந்தது. யார் யாருக்குப் பாரம் என்று கேட்டிருக்கலாம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

"படின்னுதான் என்கிட்டயும் சொன்னார். நானும் நம்பிட்டேன்" என்றாள்.

நாத்தனார் கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நேராக உள்ளே போனாள். கூட்டுத் தலைவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், எங்க ஏழாம் நம்பர் எங்கப்பா. எங்க சீட்டுல உட்கார்ந்து எந்திரிச்சவர் இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் இருக்கார். பெத்த பொண்ணாச்சேன்னு பத்து போட்டிருக்கார். அந்த மார்க்கை அடிச்சிடுங்க."

அளவுக்காரி பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்க ஏழாம் நம்பரும் அதே முட்டிதான் சார். எனக்கு மாமனார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூட்டுத் தலைவர் சிரிக்கவில்லை. இரண்டு சோதனையும் ரத்து, முற்றிலும் வெளியாட்களை வைத்து மறுபடி நடத்தவேண்டும், இந்த இரண்டு பெண்களும் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேலை போகவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். அளவுக்காரியைக் கதவுக் கைப்பிடிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாத்தனாரின் புரமோஷன் போனது போனதுதான். மறுசோதனையில் புது ஏழாம் நம்பர், முன்பின் தெரியாத ஒரு அம்மாள், ஐம்பத்துமூன்றுக்கு மூன்று மார்க் போட்டு, "என்னை ரெண்டு பேர் தூக்கிவிட்டாங்க" என்று எழுதிக் கொடுத்தாள். ஐம்பத்தெட்டு முடிவாகி, கையெழுத்தும் ஆனது.

கூட்டம் நடந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அளவுக்காரியின் பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு அண்ணி. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"ரொம்ப வலிச்சுதுதான்" என்றாள் அளவுக்காரி, கை துடைத்துக்கொண்டே. "சரி விடு. வெந்நீர் கொதிக்குது பார், பையில ஊத்து."

நாத்தனார் வெந்நீர்ப் பையைக் கொண்டுபோய் அப்பாவின் முட்டியில் வைத்து, தரையில் உட்கார்ந்தாள். "நிஜத்தைச் சொல்லுங்கப்பா. என் கார்ல எப்படி இருந்துச்சு?"

அவர் மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விழித்தார்.

"சொல்லுங்க மாமா. இனிமே யாருக்கும் மார்க் போட வேண்டியதில்ல" என்றாள் அளவுக்காரி.

"இறங்கும்போது உயிரே போயிடுச்சும்மா" என்றார்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள், "அண்ணியோடதுல?"

அவர் வெந்நீர்ப் பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். மருமகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அதுல அவ்வளவு இல்ல. அரை உயிர்தான்."

அளவுக்காரி தன் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துவந்து, அவர் தினமும் உட்கார்ந்து எழுந்திருப்பதற்காகக் கட்டை வைத்து உயர்த்திய சோபாவின் உயரத்தை அளந்தாள். அறுபத்திரண்டு.